மரமாக நில் என்றால்

மார்கழி சீசன் வந்தால் ஏதாவதொரு காலைநேரச் செயல்முறை விளக்கத்தில் இந்த வாதம் தலைகாட்டிவிடுகிறது. பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஒரே வரிக்கு மேடைக்கு மேடை வேறு அபிநயம் பிடித்தவர். மனோதர்மம் நம் சொத்து. அப்படியிருக்க, குழந்தையைத் தட்டடவில் கட்டிப்போடாமல் முதல் நாளிலிருந்தே தன் அசைவைத் தானே தேட விட்டால் என்ன? அரங்கம் கைதட்டுகிறது. எனக்குத்தான் கை எழவில்லை.

தேடல் வகுப்பால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூச்சத்தில் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு மாதத்தில் கூடம் முழுக்க ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சஞ்சாரியைக்கூட ஆசிரியரின் வீடியோ பார்த்து ஒப்பிக்கும் தலைமுறையை வளர்த்த பழி நம் வகுப்புகளுக்கு உண்டு. ஒப்புக்கொண்டாயிற்று.

ஆனால் குழந்தை வெறும் உடம்போடு வகுப்புக்கு வருவதில்லை. தொலைக்காட்சி நடனப் போட்டியும் ரீல்ஸும் பள்ளி ஆண்டு விழாவும் அதன் தோளிலும் இடுப்பிலும் ஏற்கெனவே குடியேறிவிட்டன. நகரத்து வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். மரமாக நில் என்றார் ஆசிரியை. பன்னிரண்டு பிள்ளைகளும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். காற்றாக மாறு என்றார். பன்னிரண்டு பேரும் சுற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘அருமை’ கிடைத்தது. பாலர் பள்ளியில் பாட்டோடு கற்ற கையசைவு அது. அதற்குச் சுயம் என்று பெயர் சூட்டினால் பிள்ளைக்கு என்ன லாபம்? பழக்கத்தைச் சுதந்திரம் என்று எண்ணிக்கொள்வதுதான் மிச்சம்.

அரைமண்டியை எந்தக் குழந்தையும் தேடிக் கண்டுபிடிக்காது. தொடை எரியும், உடம்பு நிமிரத்தான் பார்க்கும். அந்த எரிச்சலைத் தாண்டி, தட்டுக்கழியின் ஓசைக்கு மூன்று காலத்திலும் நாட்டடவு போட்ட பிறகுதான், தன் முழங்கால் எங்கே ஏமாற்றுகிறது என்பதே பிள்ளைக்குத் தெரியவருகிறது. சரளி வரிசை தெரியாத பிள்ளையைத் தோடி ஆலாபனை செய்யச் சொல்ல எந்தப் பாட்டு வாத்தியாருக்கும் துணிச்சல் வராது. நடனத்தில் மட்டும் எப்படி வருகிறது?

பாலசரஸ்வதியையே எடுத்துக்கொள்வோம். வீணை தனம்மாளின் பேத்தி. பாடிய தாய் ஜெயம்மாள். கண்டிப்புக்குப் பேர்போன குரு கந்தப்ப பிள்ளை. 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது வயது 7. பிற்காலத்தில் பதத்தின் ஒரு வரியை அவர் நினைத்தபடி விரித்தாரென்றால், கைவசம் அவ்வளவு இருந்தது. அடவை உடைத்துப் பார்த்த சந்திரலேகாவும் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்றவர். அவரது ‘அங்கிகா’ நடனம் 1985-இல்தான் வந்தது. 1972-இல் தொடு நடனத்துக்கு வழிவகுத்த அமெரிக்கர் ஸ்டீவ் பாக்ஸ்டன், அதற்கு முன் மெர்ஸ் கன்னிங்ஹாம் குழுவில் ஆடியவர். இவர்களெல்லாம் கையிலிருந்ததை உடைத்தவர்கள். இல்லாததை எப்படி உடைப்பது?

இந்தத் தேடல் முறைக்குப் பிதாமகராகக் காட்டப்படும் ருடால்ஃப் லாபனும் குழந்தையைச் சும்மா ஆட விட்டவரல்லர். கல்வி நடனம் பற்றி 1948-இல் வெளிவந்த நூலில் 16 அசைவுப் பொருள்களை வகுத்து வைத்தார். எடை, காலம், வெளி, ஓட்டம் என்று அசைவைக் கூறுபோட்டுப் பார்க்கக் கற்பித்தவர் அவர். நம் ஊர் வகுப்புகளில் அவர் பெயர் இருக்கிறது, அந்த உழைப்பைக் காணோம். காரணம் கடுமையாகப்பட்டாலும் சொல்கிறேன்: தவறே இல்லாத வகுப்பில் ஆசிரியருக்குத் திருத்தும் வேலையும் இல்லை. சுருதி தப்பும் பிள்ளையைத் திருத்துவதை வன்முறை என்று யாரும் சொல்வதில்லை. கோணலாக நிற்கும் முதுகைத் தொட்டுச் சரிசெய்தால் மட்டும் படைப்பூக்கம் செத்துவிடுமாம்.

அதே வகுப்பின் ஆண்டு விழாவுக்கும் போனேன். பிள்ளைகள் தாங்களே கண்டெடுத்த அசைவுகள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பன்னிரண்டு மரங்களும் ஒரே நொடியில் கை தூக்கின. பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஆசிரியை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது மரத்தைப் பார்த்து அடிக்குரலில், ‘கையை நேரா வை.’