சங்கப் பாடல்களில் ஞெலிகோல்

ஞெலிகோல் என்பது மரத்தோடு மரத்தை உரசித் தீ உண்டாக்கும் கருவி. பிற்காலத்தில் தீக்கடைகோல் எனப்பட்டது. சங்க இலக்கியத்தில் இக்கருவி இடம்பெறும் பகுதிகளில் பெரும்பாணாற்றுப்படையின் இடையர் காட்சியும், ஔவையார் பாடிய புறநானூறு 315-ஆம் பாடலும் குறிப்பிடத்தக்கவை. முன்னதில் ஞெலிகோல் வேலை செய்கிறது. பின்னதில் வேலையின்றி வீட்டில் இருக்கிறது. முன்னதை அறிந்தவருக்கே பின்னதன் உவமை முழுமையாக விளங்கும்.

தீக்கடையும் முறை

உலர்ந்த கட்டையில் சிறு குழி செய்து, அதில் கோலை நிறுத்தி, உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அழுத்தி உருட்டுவது இதன் எளிய முறை. உராய்வில் மரம் தேய்ந்து தூள் உதிரும். சூடு ஏறும்போது தூள் கருகும், புகை எழும், பின்னர் கங்கு உண்டாகும். கங்கைக் காய்ந்த புல்லிலோ நாரிலோ இட்டு ஊதினால் சுடர் பிடிக்கும். மரத்தில் ஈரம் இருந்தால் உழைப்பெல்லாம் அந்த ஈரத்தைப் போக்குவதிலேயே வீணாகும். ஆகவே கோலை எப்போதும் உலர்வாக வைத்திருப்பது இத்தொழிலில் பாதி.

பெரும்பாணாற்றுப்படை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையன் காட்டுப்பொருட்களைக் கொண்டே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறான். கையால் முயன்று தீக்கடைந்து, அந்தத் தீக்கொள்ளியால் குழலுக்குத் துளையிடுகிறான். குழலில் வாசித்த பாலைப்பண் சலித்ததும், குமிழ மரத்தின் உள்துளை கொண்ட கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் இசைக்கிறான். அந்த இசையைத் தம் இனத்தின் ஒலி என்று எண்ணி வண்டுகள் செவிகொடுக்கின்றன. கடையும்போது எழும் மெல்லிய புகையையும் கையின் உழைப்பையும் புலவர் விடாமல் சொல்கிறார். தீ இங்கு அற்புதம் அல்ல, உழைப்பின் விளைவு.

புறநானூறு 315

அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய இப்பாடலில் ஞெலிகோல் வீட்டின் இறப்பில் செருகப்பட்டிருக்கிறது. அதுபோல வெளியே தெரியாமல் இருக்கவும் அஞ்சி வல்லவன். அக்கோலில் பிறக்கும் பெருந்தீயைப் போலத் தோன்றவும் வல்லவன் என்கிறார் ஔவையார்.

புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. ஆகவே இப்பாடலுக்குப் பழைய உரையின் துணை இல்லை. இந்நிலையில் 'மரத்துக்குள் மறைந்திருக்கும் தீ' என்று இதைப் படிப்பது எளிது. அப்பர் தேவாரத்தில் விறகில் தீயும் பாலில் நெய்யும் மறைந்திருப்பது இறைவனின் இருப்புக்கு உவமையாகிறது. அந்தப் படிமத்தின் பழக்கத்தில் ஔவையாரின் உவமையையும் அதனோடு சேர்த்துவிட வாய்ப்புண்டு.

ஆனால் ஔவையார் விறகைச் சொல்லவில்லை, கருவியைச் சொல்கிறார். அது கிடக்கும் இடத்தையும் சொல்கிறார். இறப்பு மழை படாத, கைக்கெட்டும் இடம். அங்கே செருகியிருப்பது ஒளித்து வைப்பது அன்று, ஆயத்தமாக வைத்திருப்பது. பாடலின் முற்பகுதியும் உள்ளபோது உண்பவன், இரப்போர்க்கு ஈபவன், அறியாதவர்க்கும் இனிய துணைவன் என அஞ்சியின் அன்றாட இயல்புகளையே அடுக்குகிறது. வீட்டுப்பொருளான ஞெலிகோல் அந்த வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது. தோன்றாதிருப்பதையும் ஔவையார் ஒரு வல்லமையாகவே எண்ணுவதன் காரணம் இங்கே தெளிகிறது.

மதிப்பீடு

இவ்வுவமையில் ஓர் இடைவெளி உண்டு. கோல் தானாக எரியாது, அதைக் கடைய ஒரு கை வேண்டும். அஞ்சியைக் கடைவது பகையா, காலமா, அவனுடைய விருப்பமா என்று பாடல் கூறவில்லை. பெரும்பாணாற்றுப்படை விரித்துக் காட்டும் உழைப்பை ஔவையார் முழுதாகத் தாண்டி, கோலிலிருந்து நேரே பெருந்தீக்குச் செல்கிறார். உவமை என்ற அளவில் இது குறை எனலாம். எனினும் அமைதியாக இருந்த ஒருவன் களத்தில் திடீரெனத் தோன்றும் வேகத்தை அந்தத் தாவலே உணர்த்துகிறது. கடையும் உழைப்பை அன்றாடம் கண்ட கேட்போருக்கு அதை விளக்க வேண்டிய தேவையும் இருந்திருக்காது. தீப்பெட்டிக் காலத்து வாசகருக்கு அந்த இடைவெளியைப் பெரும்பாணாற்றுப்படை நிரப்புகிறது.