காசுக்கட்டளையும் நம்பிக்கையும்

ஆபிரிக்க மக்கள் எவ்வளவு கஷ்டத்திலும் நம்பிக்கை இழப்பதில்லை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்குக் கருத்துக்கணிப்புகளையே ஆதாரம் காட்டுகிறார்கள். 1999 முதல் அங்கே நேரில் சென்று கேள்வி கேட்டுவரும் அஃப்ரோபாரோமீட்டர், அடுத்த 12 மாதங்களில் நாட்டின் பொருளாதாரம் எப்படியிருக்கும் என்றும், சனாதிபதியை எவ்வளவு நம்புகிறீர்கள் என்றும் தனித்தனியாகவே கேட்கிறது. வெளியிலிருந்து வாசிக்கும் நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாக்கி, 'ஏழைகள், ஆனாலும் அரசை நம்புகிறவர்கள்' என்று முடிவுகட்டுகிறோம். அந்தக் கேள்விக்கொத்தின் இறுதியில், 'எங்களை அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?' என்றும் ஒரு கேள்வி உண்டு. 'அரசாங்கம்' என்று நினைக்கும் ஒருவர் அதற்கு முன் சொன்ன 'நம்புகிறேன்' என்ற பதிலை எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த வேறுபாட்டை எனக்கு விளங்கவைத்தது செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'மன்டாபி' (1968). தன்னுடைய குறுநாவலையே வொலோஃப் மொழியில் அவர் படமாக்கினார். டக்கரில் வாழும் இப்ராஹிமா தியெங்குக்கு வேலை இல்லை, எழுத்தறிவும் இல்லை. இரண்டு மனைவியர், ஏழு பிள்ளைகள். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் 25,000 பிராங்குக்குக் காசுக்கட்டளை அனுப்புகிறான். அதில் 2,000 மட்டுமே தியெங்குக்கு. தபாற்கந்தோரில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புப் பத்திரமும் படங்களும் முத்திரையும் வேண்டும். பிறப்புப் பத்திரத்துக்குப் பிறந்த திகதி வேண்டும். அது அவருக்குத் தெரியாது. கடைசியில், படித்த உறவினன் ஒருவன் அற்றோர்னித் தத்துவம் வாங்கிக் காசை எடுத்துக்கொண்டு, களவுபோய்விட்டது என்கிறான்.

இதை அதிகாரிகளைக் கிண்டல்செய்யும் படமாக மட்டும் பார்ப்பது போதாது. தியெங் எந்தக் கந்தோரையும் நம்பி வரிசையில் நிற்கவில்லை. வேறு வழியில்லாததால் நிற்கிறார். அவருடைய நம்பிக்கை இறைவன்மீதும் உறவுமீதும்தான். அரசு கைவிடும் இடத்தில் உறவு தாங்கும் என்ற நம் பிரியமான எண்ணத்தையும் செம்பேன் விட்டுவைப்பதில்லை. காசு வந்த செய்தி கேட்டதும் சுற்றம் கடன் கேட்டு வாசலுக்கு வருகிறது. ஏமாற்றுகிறவனும் சொந்தக்காரனே.

படத்தின் முடிவு பிரசாரம் என்று குறைசொல்வோர் உண்டு. நேர்மையாக இருந்து பயனில்லை என்று தியெங் வெறுத்துச் சொல்ல, இதை மாற்றுவோம் என்கிறார் தபாற்காரர். யார் மாற்றுவது? நீங்கள், உங்கள் மனைவியர், பிள்ளைகள், நான். வசனம் கொஞ்சம் நேரடியானதுதான். ஆனால் சொல்பவர் யாரென்று கவனியுங்கள். படம் முழுவதும் வாசல்வரை வந்து, கடிதத்தைக் கையில் தரும் அரசு ஊழியர் இவர் ஒருவரே. அவரும் தலைவர்களை நம்பச் சொல்லவில்லை. 'நாங்கள்' என்கிறார். நம்பிக்கையை ஆள்பவர்களிடமிருந்து எடுத்து ஆளப்படுபவர்களிடம் வைக்கும் அந்தச் சொல்லுக்காகவே இந்த முடிவை நான் ஏற்கிறேன்.

2024இல் செனகலில் நடந்ததை இந்தப் படத்தோடு வைத்துப் பார்க்கிறேன். மக்கி சால் பிற்போட்ட தேர்தலை அரசியலமைப்புச் சபை மீட்டது. சிறையிலிருந்து வெளிவந்து பத்து நாட்களில் பசிரு தியோமாய் ஃபாய் முதற்சுற்றிலேயே ஏறத்தாழ 54 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். இருந்த அரசின்மீது அவநம்பிக்கை, வரப்போகும் நாளின்மீது நம்பிக்கை: இரண்டும் ஒரே வாக்குச்சீட்டில். அதே ஆண்டிலேயே முந்தைய அரசு குறைத்துக்காட்டிய கடன் வெளிவந்தது. புதியவர்களுக்கும் சோதனை உடனே தொடங்கிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வரும் காசு இன்றும் செனகலின் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஊருக்குக் காசு அனுப்பும் நாங்களும் பாரிஸில் தெருக்கூட்டும் அந்த மருமகனின் இடத்திலிருந்தே இந்தப் படத்தைப் பார்க்கிறோம். அவன் அனுப்பிய காசால் வீட்டில் ஆசை மூண்டது. கந்தோர் கதவு திறக்கவில்லை. 'ஊரில் சனம் நம்பிக்கையோடுதான் இருக்கிறது' என்று சொல்லும்போது, அது யார்மீதான நம்பிக்கை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரசு செய்யவேண்டியதை நாங்கள் அனுப்பும் காசு செய்துகொண்டிருந்தால், அந்த நம்பிக்கையை அரசுக்குக் கிடைத்த நற்சான்றாக எழுதிவிட முடியாது.