பொறுத்தவர் யார்? சுந்தரரின் திருவாரூர்ப் பதிகத்தில் முறையீடும் மௌனமும்

ஏழாம் திருமுறையின் 95-ஆம் பதிகம் திருவாரூர் இறைவனை நோக்கிச் சுந்தரர் பாடியது. தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றே என்பதால் இசை வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. பொருள் நிலையிலோ, தோழமை உரிமையால் அடியவர் ஏசினார், இறைவன் அதனைப் பொறுத்து அருளினார் என்னும் விளக்கமே வழிவழியாக நிலவுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இப்பதிகத்தைத் தோழமைத் திறத்தில் வைத்துக் காட்டியது இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்த்தது. ஆயினும் பதிகத்தின் சொற்களை அவற்றின் போக்கிலேயே நோக்கினால், பொறுமை இறைவன் பக்கம் இருப்பதாகத் தோன்றவில்லை.

புராணம் தரும் பின்னணி அறிந்ததே. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழின் கீழ்ச் சூளுரைத்த சுந்தரர், அச்சூளை மீறி ஊரெல்லை கடந்ததும் இரு கண்ணும் இழக்கிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும் காஞ்சியில் இடக்கண்ணும் பெற்றுத் திருவாரூர் வந்து சேர்கிறார். வெண்பாக்கப் பதிகத்தையும் (89) ஆரூர்ப் பதிகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பயன் தரும். வெண்பாக்கத்தில் சுந்தரர் தம் பிழையை ஒப்புக்கொள்கிறார். பிழை பொறுப்பவர் எனக் கேள்வியுற்று, அந்த நம்பிக்கையிலேயே பிழைத்ததாகக் கூறுகிறார். இறைப்பொறுமையை முதலாக வைத்துச் செய்த பிழை அது. அந்த முதல் கைகொடுக்கவில்லை என்பதே அங்குள்ள வருத்தம். கோயிலில் உள்ளீரா என்று கேட்டவருக்கு, உள்ளோம், நீர் போகலாம் என்ற வறண்ட விடையே உள்ளிருந்து கிடைக்கிறது.

ஆரூரில் நிலை தலைகீழாகிறது. தாம் குற்றம் ஒன்றும் செய்யவில்லை என்கிறார் சுந்தரர். சூள் மீறிய கதையை அறிந்தவர்க்கு இது பொய்யாகவோ, நண்பரின் செல்லமாகவோ தோன்றலாம். ஆனால் அப்பாடல் பேசும் மொழி வழக்குமன்ற மொழி. தாம் ஒற்றிப் பொருள் அல்லர் என்றும், விற்றுக்கொள்ளும் உரிமை இறைவனுக்கு உண்டு என்றும் அவர் வாதிடுகிறார். ஒற்றியூரில் நேர்ந்த இழப்பைப் பேசுமிடத்தில் 'ஒற்றி' என்ற சொல் வருவது தற்செயல் ஆகாது. திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி அடிமை கொண்டவரிடம், அந்த ஓலையின் முறைப்படியே இவர் கணக்குக் கேட்கிறார். முழு அடிமையின் குற்றம் உடையவரையே சாரும் என்பது இவ்வாதத்தின் உட்கிடை எனலாம். பழி இறைவன் மேல் விழுந்ததாக இப்பாடலும் இறுதிப் பாடலும் கூறுவதை இவ்வாறு கொண்டால் முரண் நீங்குகிறது.

'என் கண்' என்று தம் இழப்பை வெளிப்படச் சுட்டுவன இவ்விரு பாடல்களே. ஏனையவற்றில் பெரும்பாலும் அடியார் பொதுவில் பேசப்படுகின்றனர். அவர்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் இறைவன் வாளா இருக்கிறார். ஓரிடத்தில் வருத்தம் இம்மைக்கும் நன்மை மறுமைக்கும் எனப் பகிர்ந்து வைப்பது கேள்விக்கு உள்ளாகிறது. துன்புறுவோர்க்குச் சமயம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதலை அச்சமயத்தின் பெரும்பாடகர் ஒருவரே ஏற்க மறுப்பது எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. மேலும், இகழாது ஏத்துவோர் எனப் பதிகம் இருமுறை அடியாரைக் கூறுகிறது. இதனை ஏசல் என்று பெயரிட்டது மரபு. பாடல் அப்பெயரை ஏற்கவில்லை.

மூன்றாம் பாடல் இவ்வாய்வுக்கு மையமானது. 'முட்டு' என்னும் வினை அதில் நான்கு முறை வருகிறது. அன்றில் தட்டின்றிச் சோலை அடைகிறது. கன்று மடியை முட்டுகிறது. அடியார் முட்டின்றிப் பாடுகின்றனர். கண் காணாதவர் குன்றில் முட்டிக் குழியில் வீழ்கின்றனர். பறவைக்கு இல்லாத தடை பாடுவோர்க்கு நேர்கிறது என்பதை ஒரே வினை சுமந்து செல்கிறது. இதிலுள்ள பசு உவமையில் கன்றை அடியாராகவும் பசுவை இறைவனாகவும் கொள்வது ஒரு முறை. அவ்வாறு கொண்டால் முட்டும் கன்றைப் பொறுத்துப் பால் சுரக்கும் தாயாக இறைவன் அமைவான். முறையீடு மடியை முட்டுவதாகும். அழகிய பொருள்தான். எனினும் அதற்குச் சில சொற்களை வருவிக்க வேண்டியுள்ளது. தொடர் நிற்கும் நிலையில், முட்டச் சுரந்த பசுக்களைப் போல என்றும் பாடுபவர் அடியாரே. பசு அவர்கள், பால் அவர்களது பாட்டு. மோதலைத் தாங்கிக்கொண்டு சுரந்தவர்கள் குழியில் விழுகிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. பொறுமை யாருடையது என்ற வினாவிற்குப் பதிகத்தின் விடை இவ்வுவமையில் உள்ளது.

ஏழாம் பாடலின் 'கண்ணீர்' என்ற சொல்லாட்சியும் கருதத்தக்கது. கண்ணீரை வரவழைத்தீர் என்றும், கண்ணை நீர் எடுத்துக்கொண்டீர் என்றும் அது இருவகையாகப் பிரியும். எழுத்தில் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். பாடுங்கால் இரண்டும் ஒலிக்கும்.

பாடல்தோறும் மீளும் ஈற்றுத் தொடர் வாழ்த்தின் வடிவில் அமைந்த மனக்கசப்பு. நியாயம் கிட்டாதவர், 'நல்லா இருங்க' என்று சொல்லிப் படியிறங்கும் இன்றைய பேச்சு வழக்கு இதற்கு நெருங்கிய உறவு. வெண்பாக்கத்தில் போகுமாறு சொன்னவர் இறைவன். ஆரூரில் போதலைக் குறிக்கும் வினையை அடியவர் அவருக்கே திருப்பித் தருகிறார். அங்கே ஒரு விடையேனும் வந்தது. இங்கே இறைவன் வாய் திறவாமை ஒன்பதாம் பாடலில் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது.

சுந்தரரின் பதிகங்களில் இறுதிப் பாடல் பெரும்பாலும் பாடுவோர் பெறும் பயனைக் கூறும். இப்பதிகத்தில் பயன் கூறப்படவில்லை. முக்கண்ணரை விளித்து, உலகறியத் தம் கண் கொள்ளப்பட்டதை மீண்டும் சொல்லி, தம் துணையைப் பாகத்தில் வைத்துக்கொண்ட அவரை முன்போலவே வாழ்த்தி ஆரூரர் முடிக்கிறார். வலக்கண் கிடைத்த செய்தி சேக்கிழார் தருவது. பதிகம் முடியும்போது அக்கண் இன்னும் திறக்கவில்லை.