வலைப்பையும் பஞ்சுச் சட்டையும்

சென்ற மாதம் சிங்கப்பூரிலிருந்து எம் தோட்டத்துக்கு விருந்தாக வந்த நண்பரொருவர், நூலால் பின்னிய வலைப்பை ஒன்றைக் கையில் தொங்கவிட்டு வந்தார். பட்டணத்தில் இப்பொழுது இதுவே புது மோஸ்தர் என்றும், கடையில் இதனை மெல்லிய காகிதத்தில் சுற்றித் தந்தனர் என்றும் பெருமையோடு கூறினார். பையைக் காகிதத்தில் சுற்றுவதாம்! அதன் பூர்வ கதையை அறிந்தவர்க்கு நகைப்பு வராமற் போகாது.

நூல் வலைப்பை பல தேசங்களில் உண்டு. ஆயினும் அதற்கு ஒரு பெயரும் சரித்திரமும் வாய்த்தது சோவியத் ருஷ்யாவில். அங்கே அதனை ‘அவோஸ்கா’ என்பர். ‘அவோஸ்’ என்ற ருஷ்யச் சொல்லுக்கு ‘ஒருவேளை’, ‘கிடைத்தாலும் கிடைக்கும்’ என்பது பொருள். 1930களில் அர்க்காதி ராய்கின் என்னும் நகைச்சுவை நடிகர் மேடையில் வழங்கியதால் அப்பெயர் நாடெங்கும் பரவியது என்பர். பெயர்க் காரணம் யாதெனில், சர்க்கார் கடைகளில் இன்றைக்கு எது வரும், எது வராது என்பதை ஒருவரும் முன்னதாக அறியார். வேலைக்குச் செல்லும் பெண், கைப்பிடிக்குள் அடங்கும் இவ்வலையை எப்பொழுதும் உடன் கொண்டு போவாள். வழியில் ஆட்கள் வரிசையாய் நிற்கக் கண்டால், என்ன விற்கின்றார்கள் என்று கேட்பதற்கு முன்னரே தானும் வரிசையிற் சேர்ந்துகொள்வாள். உருளைக்கிழங்கோ ஆரஞ்சுப் பழமோ, எது கிட்டினும் வலை விரிந்து இடங் கொடுக்கும். பிளாஸ்டிக் பைகள் தோன்றிய பிற்காலத்திலோ, அவற்றையும் கழுவி உலர்த்தி மீண்டும் மீண்டும் வழங்கினர் அம்மக்கள். இன்று பிளாஸ்டிக்கை வெறுத்து வலைப்பையை எடுப்போரிடம் யான் குற்றம் காணேன். பண்டம் சுமக்கப் பிறந்த பை இன்றும் பண்டத்தைத்தான் சுமக்கின்றது.

கோடிட்ட மாலுமிப் பனியனைப் பற்றியும் அதிகம் வழக்கிட வேண்டுவதில்லை. வெள்ளையில் நீலக் கோடிட்ட அவ்வுடையைப் பிரஞ்சுக் கடற்படை 1858-லும், ருஷ்யக் கடற்படை 1874-லும் தத்தம் மாலுமிகளுக்கு விதித்தன. ருஷ்யர் இட்ட பெயர் ‘தெல்னியாஷ்கா’. சோவியத் காலத்தில் வான்குடைப் படையினர் அதனை இளநீலக் கோட்டோடு அணிந்தனர். பாரீசுத் தையற்கலைஞர் கோத்தியே தம் அடையாளமாகவே அதனை ஆக்கிக்கொண்டார். கைமாறிக் கைமாறி வந்த பொருள். எவரும் எவரையும் கொள்ளையிட்டதாகச் சொல்வதற்கில்லை. காதுமூடித் தொப்பியாகிய ‘உஷாங்கா’வும் பின்லாந்தோடு நடந்த 1939-40 குளிர்காலப் போரின் பின் செஞ்சேனைக்கு 1940-ல் விதிக்கப்பட்டது. குளிர் உள்ள நாட்டில் எவர் அணியினும் அது காதை மூடும். வியர்வை வழியும் நம் பட்டணத்து இளைஞர் சிலர் படம் பிடிப்பதற்கென்று அதனைத் தலையில் வைத்துக்கொள்வதுதான் வேடிக்கை.

நிற்க. புரட்சி அரசு புதிய உடையைக் கற்பனை செய்ய முயலாமல் இருக்கவில்லை. வர்வரா ஸ்தெபானவா, லியுபோவ் பப்போவா என்னும் இரு பெண் ஓவியர்கள் 1923-லும் 1924-லும் மாஸ்கோவின் முதல் அரசாங்கத் துணி அச்சு ஆலையிற் சேர்ந்து, வட்டமும் கோடுமாகிய சித்திரங்களைத் துணிக்கு வரைந்தனர். தொழிலாளிக்கு ஏற்ற வேலையுடுப்பும் வகுத்தனர். நதேஷ்தா லமானவா கிராமியத் துணிகளைக் கொண்டு தைத்த உடைகள் 1925-ல் பாரீசுக் கண்காட்சியிற் பரிசு பெற்றன. அறிவு மிக்க முயற்சிகள். எனினும் அவற்றுள் பெரும்பான்மை காகிதத்திலும் காட்சிசாலையிலுமே தங்கிவிட்டன. எந்தக் கலைஞரும் வரையாத வலையும் பனியனும் தொப்பியுமே உலகத்தின் தெருக்களுக்கு வந்து சேர்ந்தன.

என் மனம் ஒப்பாதது ஒன்றே ஒன்று: ‘வாத்னிக்’ என்னும் பஞ்சுச் சட்டை. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு திணித்து, மேலிருந்து கீழாக வரிவரியாய்த் தைத்தது அது. போர்முனைச் சிப்பாயும், ஆலையில் வேலை செய்த பெண்ணும், முகாம்களில் அடைபட்ட கைதிகளும் அதனையே அணிந்தனர். 1962-ல் வெளியான சோல்செனித்சினுடைய ‘இவான் தெனீசொவிச்’ கதையில், நாயகனின் தொப்பியிலும் உடையிலும் ‘ஷ்சா-854’ என்ற எண் எழுதப்பட்டிருக்கும். செக்ரோல் எழுதிப் பழகிய கை என்னுடையது. எண் எனக்குப் புதிதன்று. ஆயினும் அவ்விடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அச்சட்டையையும் ருஷ்யாவிலும் மேற்கிலும் தையற்கலைஞர் சிலர் புதுப்பித்து விற்கத் தலைப்பட்டனர். இங்கே நியாயம் வழங்குவது எளிதன்று. மாஸ்கோவில் 1984-ல் பிறந்த கோஷா ருப்சின்ஸ்கி, சிரிலிக் எழுத்துப் பொறித்த சட்டைகளை உலகெங்கும் விற்றார்; வெத்மோன் என்னும் பெயரால் 2014-ல் பாரீசில் தொழில் தொடங்கிய தெம்னா குவசாலியா, 1981-ல் சுகுமியிற் பிறந்து, 1993-ல் போரினால் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியவர். தாம் கண்டு வளர்ந்த உடையை இவர்கள் எடுத்தாளும்போது அதனைத் திருட்டு என்று யார் சொல்லத் துணிவர்? அவரிடமிருந்து வாங்குவோரையே யான் கேட்கின்றேன். மார்பில் எழுதியிருப்பதைப் படிக்கவும் அறியாது அணிகின்றனரே! சோவியத் நகரத்து இளைஞன் ஒருவன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கள்ளச் சந்தையில் அமெரிக்க ஜீன்ஸ் வாங்கிய காலம் ஒன்றிருந்தது. அவன் வெறுத்து ஒதுக்கிய உடுப்புக்கு, அதை அணியக் கட்டாயம் இல்லாதவர்கள் பெரும்பணம் கொடுக்கின்றனர். பஞ்சுச் சட்டையைப் புகழும் விளம்பரத்தில் தையலின் நேர்த்தியும் ‘முரட்டு அழகும்’ பேசப்படும். அதற்குள் நடுங்கிய உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் இராது. விற்பவர் அதனைச் சொல்லியும் விற்கலாமே. சொன்னால் விற்பனை குறைந்துவிடும் என்று அஞ்சுகின்றனர் போலும்.

நண்பர் விடைபெறும்போது, தம் பையின் ருஷ்யப் பெயரை எழுதித் தருமாறு கேட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பொருளையும் அடியிற் குறித்தேன்.