எழுவாயாகும் மக்கள்: சான் ஒழுக்கக் கோவை பற்றிய ஒரு குறிப்பு

தென்னாபிரிக்காவின் பூர்வீகக் குடிகளான சான் மக்கள், தம்மை ஆராய வருவோருக்கென 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்கக் கோவையை இலக்கிய விமரிசகரும் ஊன்றிப் படித்தல் தகும் என்பது நமது கருத்து. மருத்துவ ஆய்வறிக்கைகளில் மக்கள் பெரும்பாலும் செயப்படுபொருளாகவே வருவர். குருதி பெறப்படும், சம்மதம் பெறப்படும். இக்கோவையிலோ ‘நாம்’ எழுவாயாகின்றது. மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, உரிய நடைமுறை என ஒவ்வொன்றையும் கோரும் கோவை, அது மறுக்கப்பட்ட அனுபவத்தையும் உடன் பதிவு செய்கின்றது. பரம்பரையலகு ஆய்வில் தம் தலைவர்கள் புறக்கணிக்கப்பட்டனர் என்பது அவற்றுள் ஒன்று. அயல்நாடான நமீபியாவின் சான் முதியோர் நால்வரது பரம்பரையலகுத் தொகுதி பற்றிய ஆய்வு 2010 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தபோது, தனியாட்களின் சம்மதம் இருந்தது. சமூகத் தலைமையோ தம்மைக் கேட்கவில்லை என முறையிட்டது. நால்வரின் குருதியில் ஓர் இனத்தின் வரலாற்றைத் தேடிய விஞ்ஞானம், சம்மதத்தை மட்டும் தனிமனிதச் சொத்தாகக் கொண்டமை பூர்ஷ்வாச் சிந்தனையின் இயல்பே.

எனினும் கோவை சட்டமன்று. ஒத்துழைக்க மறுப்பதே அதன் பின்னுள்ள பலம். ஆய்வுகூடமும் நிதியும் பிறர் வசமே உள்ளன. பசியடக்கும் ஹூடியாத் தாவரம் பற்றிய இம்மக்களின் அறிவைக்கொண்டு தென்னாபிரிக்க அரச ஆராய்ச்சி நிறுவனம் 1995 இல் காப்புரிமை கோரிற்று. ஆதாயப் பங்கீட்டு ஒப்பந்தம் 2003 இலேயே எழுதப்பட்டது.