நான்கு முளைகள் தரும் தொல்லை

கணிப்பொறியின் ஹீட்சிங்க்கை மாற்றிய பிறகு அது அடிக்கடி நின்றுபோனால், பெரும்பாலோர் சொல்லும் யோசனைகள் இரண்டு: பசையை இன்னும் கொஞ்சம் பூசு, பெரிய விசிறியாகப் போடு. பல வேளைகளில் இரண்டாலும் பயன் இருப்பதில்லை. ஏனெனில் குறை, ஹீட்சிங்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் முறையிலேயே இருக்கக்கூடும். அந்த முறையை இங்கே சற்று ஆராய்வோம்.

ஹீட்சிங்க் என்பது அலுமினியத்தாலோ செம்பாலோ ஆன, பல தகடுகள் கொண்ட உலோகக் கட்டி. பிராசஸரின் வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது அதன் வேலை. இதற்கு அது பிராசஸர்மேல் நன்றாகப் படிந்திருக்க வேண்டும். படியாவிட்டால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

பிராசஸர் வெளியிடும் வெப்பம் 100 வாட், தொடும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர், நடுவே உள்ள இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அந்த இடைவெளியில் காற்று மட்டுமே இருந்தால், அதன் வழியே 100 வாட் வெப்பம் கடக்க இரு பக்கங்களுக்கும் இடையே 190 டிகிரிக்கு மேல் வேறுபாடு தேவை! காற்றைப்போல் சுமார் 150 மடங்கு வெப்பம் கடத்தும் பசை அங்கே நிரம்பினால், வேறுபாடு ஒன்றேகால் டிகிரிதான். அதே பசை அரை மில்லிமீட்டர் கனமானால் வேறுபாடு பன்னிரண்டரை டிகிரி. ஆகவே காற்றை விரட்டுவதே பசையின் பணி. அது மெல்லிய படலமாக இருக்க வேண்டும். அப்படி அதை அழுத்தி வைப்பது, ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் விசை.

இன்டெல் நிறுவனம் 2004இல் எல்ஜிஏ 775 அமைப்பைக் கொண்டுவந்தபோது, இந்தப் பொறுப்பை நான்கு பிளாஸ்டிக் முளைகளிடம் ஒப்படைத்தது. அதே அமைப்பில் வந்த பென்டியம் 4 பிராசஸர்கள் சில 115 வாட் வரை வெப்பம் வெளியிடுபவை. முளையை மேலிருந்து அழுத்தினால், அதன் பிளந்த நுனி மதர்போர்டின் துளை வழியே இறங்கி, மறுபுறம் விரிந்து பிடித்துக்கொள்ளும். திருப்புளி வேண்டாம், செலவும் குறைவு. தொழிற்சாலையில் மதர்போர்டைத் தனியே வைத்துப் பொருத்துவோருக்கு இது நல்ல ஏற்பாடுதான்.

பழுது பார்ப்பவரின் நிலைமை வேறு. மதர்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. முளையை அழுத்தினால் போர்டு வளைகிறது. ‘டக்’ என்ற ஓசை கேட்டாலும், நுனி முழுவதும் இறங்கியதா என்பது மேலிருந்து தெரிவதில்லை. கழற்றும்போது திருப்பிய முளைத் தலையைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் அழுத்தினால் பூட்டு விழாது. ஒரு முளை தவறினால் போதும், அந்த மூலை தூக்கிக்கொள்ளும். சரியாகப் பொருந்தியதா என்பதைக் கண்ணுக்குக் காட்டாததே இந்த அமைப்பின் பெருங்குறை. ஏஎம்டி நிறுவனம் 2017இல் வெளியிட்ட ரைத் ஸ்டெல்த் ஹீட்சிங்க்கில், சுருள்வில் கொண்ட நான்கு திருகுகள் பின்புற உலோகத் தகட்டில் இறங்குகின்றன. வேலை சற்று அதிகம். ஆனால் திருகு முழுவதும் இறங்கியதைக் கையே உணரும். இன்டெல்லோ 2022இல் வந்த தன் லாமினார் ஆர்எம்1 ஹீட்சிங்க்கிலும் முளைகளையே வைத்திருந்தது.

இக்குறையை மறைக்க இன்னொன்றும் துணை செய்கிறது. ஓடும் கணிப்பொறிகளில் ஹீட்சிங்க்கை அகற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றை டாம்ஸ் ஹார்டுவேர் 2001இல் வெளியிட்டது. ஏஎம்டியின் அத்லான் கருகியது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. அந்தத் தற்காப்பு பாராட்டத்தக்கதே. ஆனால் அதனாலேயே, கோணலாக அமர்ந்த ஹீட்சிங்க்குடன் ஒரு கணிப்பொறி மாதக்கணக்கில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கலாம். உரியவர் ‘பழைய இயந்திரம்’ என்று அதன்மேல் பழி போடுவார்.

எனவே வெப்பநிலை எவ்வளவு என்பதோடு நிற்காமல், அது எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். கடினமான வேலை கொடுத்த ஓரிரு நொடிகளில் பல பத்து டிகிரி தாவினால், ஹீட்சிங்க் சரியாகப் படியவில்லை என்று ஐயப்படலாம். பல நிமிடங்களில் மெல்ல ஏறினால் விசிறியையும் தூசியையும் பெட்டியின் காற்றோட்டத்தையும் பாருங்கள். வெப்பநிலை சரியாக இருந்தும் கணிப்பொறி நின்றால், கைபட்டு நகர்ந்த மெமரி அட்டை, சரியாகச் செருகாத மின்கம்பி, வளைந்த சாக்கெட் ஊசி ஆகியவற்றைத் தேடுங்கள். அங்கே பசைக்கு வேலையே இல்லை.

ஹீட்சிங்க்கைத் தூக்கி எடுத்தால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது அவசியம். முளைகளை மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். இயன்றால் மதர்போர்டை வெளியே எடுத்தே பொருத்துங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் அதைத் திருப்பி, நான்கு நுனிகளும் பின்புறம் விரிந்து நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். புதிய விசிறி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.