தகைவிலானும் உழவாரனும்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கதையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில் வருகிறது. ஈஸ்டர் ஞாயிறன்று காலை ஆராதனையில், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் தலை நிமிர்ந்து பார்க்கிறாள். இறவானத்தில் ஒரு தகைவிலான் குருவி கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. அவள் மனம் தேறுகிறது. கதை அவ்வளவுதான். வெளிவந்தபோது நாலைந்து பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு கார்டு மட்டும் வேறு மாதிரியாக இருந்தது.

“ஐயா, தாங்கள் வர்ணித்திருக்கிற, வால் பிளந்த, தொண்டை செங்காவியான பறவை நம் பக்கத்தில் கூடு கட்டுவதில்லை. மழையோடு வருகிறது, வெயில் ஏறினால் வடக்கே போய்விடுகிறது. ஈஸ்டருக்கு அது மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். தாங்கள் அதைச் சங்கீதப் புஸ்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள், கம்பியில் பார்க்கவில்லை.” எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கதையில் குருவி ஒரு குறியீடு, அதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டுமா என்று பதில்கூட எழுதத் தொடங்கினேன். தபாலில் சேர்க்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்பது எனக்கே தெரிந்திருந்தது. 84-ஆம் சங்கீதத்தில் தேவனுடைய பீடத்தண்டையில் அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலானுக்குக் கூடும் கிடைக்கின்றன. சிறு வயதிலிருந்து மனப்பாடமான சங்கீதம். அதிலிருந்து அப்படியே தூக்கி நம்மூர் இறவானத்தில் வைத்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், அதே வேதாகமத்தில் எரேமியா 8-ஆம் அதிகாரத்தில், நாரையும் காட்டுப்புறாவும் தகைவிலானும் தங்கள் காலத்தை அறிந்து வருகின்றன, ஜனங்களுக்குத்தான் தெரியவில்லை என்று தீர்க்கதரிசி வருத்தப்படுகிறார். சங்கீதக்காரன் கூட்டைப் பார்த்தான், எரேமியா பருவத்தைப் பார்த்தான். நான் இரண்டையும் படித்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

இது என் ஒருவனுடைய குற்றமாக மட்டும் இருந்தால் எழுத வேண்டியதில்லை. தமிழில் கிறிஸ்தவ இலக்கியம் என்று நாம் பெருமைப்படுகிற பகுதியில் இந்தப் பழக்கம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1726-இல் முடிந்த தேம்பாவணியை எடுத்துக்கொள்ளுங்கள். வீரமாமுனிவர் சூசையப்பரின் யூதேயாவை வர்ணிக்கும்போது வயலும் தாமரையுமாகத் தமிழ் மருத நிலத்தையே விரித்துவிடுகிறார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காவியத்துக்கு நாட்டுப் படலம் வேண்டும், அதற்கு ஒரு மரபு உண்டு. இத்தாலியிலிருந்து வந்த ஒரு மனிதர் அந்த மரபை இவ்வளவு வசப்படுத்தியதே அதிசயம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திலும் (1894) சோலைகள் உண்டு, அவற்றில் கம்பனின் சாயல் உண்டு. இருவரும் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு எழுதினார்கள், எழுதிய விதம் உயர்ந்தது. ஆனால் பின்னால் வந்த எங்களைப் போன்ற வசனக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊர்ப் பெயரைப் போட்டுக் கதை எழுதுகிறவன் ஊரில் என்ன பறக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

கவிஞர்களைவிட வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்குக் காது கூர்மையாக இருந்திருக்கிறது. 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்புக்குத் தலைமை வகித்த பவர் ஐயர், அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். அந்த வேதாகமத்தில் வெறும் ‘குருவி’ என்று விட்டிருக்கலாம், விடவில்லை. வீட்டுக்குள் வந்து ஒண்டுகிற சிட்டுக்கு அடைக்கலான் என்று பெயர். பெயரிலேயே அடைக்கலம் இருக்கிறது. இரண்டு குருவி ஒரு காசுக்கு விற்கிறது என்று இயேசு சொல்லும் இடத்தில் இந்தப் பெயர் செய்கிற வேலையை ஆங்கிலப் பெயர் செய்யாது. எலியாவுக்கு ஆகாரம் கொண்டுவந்தது தமிழில் காகம். மூலத்தில் இருக்கும் பெரிய அண்டங்காக்கை ஜாதி தென்பாண்டிச் சீமையில் கிடையாது. ஆனால் சோற்றுக்குக் கூரையில் வந்து உட்காருகிற நம் காகம் வேதத்துக்குள் நுழைந்ததில் எந்த வாசகருக்கு நஷ்டம்? சறுக்கலும் உண்டு. எபிரெயத்தில் ஒரே பறவை, எரேமியாவில் நாரையாகவும் 104-ஆம் சங்கீதத்தில் கொக்காகவும் நிற்கிறது. கண்மாய்க் கரையில் நின்று பார்த்தவன் நாரையையும் கொக்கையும் மாற்றிச் சொல்ல மாட்டான்.

மாசி மாதம், லெந்து நாட்கள் தொடங்கியிருந்தபோது, அந்த ஆசிரியரைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும், “வாங்க தம்பி, கோபத்தோட வந்திருக்கீங்களா?” என்றார். மறுநாள் விடியுமுன் என்னை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனார். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருகிற அந்த நீர்த்தேக்கம் அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள காடு 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. அணிலைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீரைக் காட்டினார்.

தகைவிலான்கள் நீர்மட்டத்தை உரசினாற்போல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே, நல்ல உயரத்தில், அரிவாள் மாதிரி வளைந்த சிறகோடு வேறொரு கூட்டம் கீச்சிட்டுச் சுற்றியது. “மேலே இருக்கிறது உழவாரன். கம்பியிலே உட்காரக் கால் வராது அதுக்கு. கோயில் இறவானத்திலே கூடு கட்டுறது இதுதான். உங்க கதையிலே பறவை சரி, பேருதான் தப்பு” என்றார். தகைவிலானின் உறவுக்காரர்களில் சில இந்தப் பக்கத்திலேயே கூடு கட்டும், மலைமேல் ஒன்று பங்களாத் தாழ்வாரத்தில்கூடக் கட்டும் என்றும் நியாயமாகச் சேர்த்துச் சொன்னார். பிறகு, கேட்காமலே, “எங்க வீட்டுக்காரி போன வருஷம், ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் தெருவிலே வந்து பார்த்தேன். கம்பி காலியா இருந்தது. அது வேளை தெரிஞ்சு போயிருக்கு. எனக்கு அன்னைக்குத்தான் கொஞ்சம் தூக்கம் வந்தது” என்றார்.

நான் எழுதியிருக்க வேண்டிய கதை அதுதான். பிழையான குருவியால் கதை கெட்டது என்பதைவிட, சரியான குருவி கொடுத்திருக்கக்கூடிய கதையை நான் இழந்தேன் என்பதுதான் எனக்கு உறைத்தது.

மலைப்பிரசங்கத்தில் பறவைகளைப் பற்றி முதலில் வருவது பார்க்கச் சொல்லும் கட்டளை. விதைக்கவில்லை, அறுக்கவில்லை என்பதெல்லாம் பிறகு. நம் பிரசங்கங்கள் அந்த முதல் சொல்லைத் தாண்டிக் குதித்துப் பாடத்துக்குப் போய்விடுகின்றன. இதை உணர்ந்தவர்கள் வெளிநாட்டில் சிலர் உண்டு. இங்கிலாந்தின் டிரிஸ்ட்ரம் பாதிரியார் பாலஸ்தீனத்தில் அலைந்து, 1867-இல் வேதாகமத்தின் இயற்கை வரலாற்றைப் புஸ்தகமாகப் போட்டார். எரேமியாவின் பட்டியலில் உள்ள ஒரு பறவை உழவாரனே என்று அங்குள்ள அரபிகள் வழங்கும் பெயரை வைத்து வாதித்தவர் அவர். நம் காலத்தில் ஜான் ஸ்டாட் 1999-இல் ‘பறவைகள் நம் ஆசிரியர்கள்’ என்று பொருள்படும் புஸ்தகத்தை எழுதினார். அவர் வாழ்நாள் முழுவதும் பறவை பார்த்தவர், புகைப்படங்களும் அவருடையவையே. ஆனாலும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பாடம் என்று பங்கிட்டுவிட்டார். பார்த்தது அவருடைய கண், அத்தியாயம் பிரித்தது அவருடைய பிரசங்க மேடை. எனக்கு டிரிஸ்ட்ரத்தைத்தான் அதிகம் பிடிக்கிறது.

அந்நியர்களிடம் போவானேன்? ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பெண் இருந்திருக்கிறாள். திருப்பாவையில் பறவைகள் சத்தமிடுகின்றன, ஆனைச்சாத்தன் ஒன்றோடொன்று பேசுகிறது. உரைகாரர்கள் அதை வலியன் என்பார்கள். ஆண்டாள் அந்தப் பறவையிடமிருந்து நீதி எதுவும் எடுப்பதில்லை. பொழுது விடிந்துவிட்டது, சாட்சி வேண்டுமானால் அதோ கேள் என்று தூங்குகிற தோழியிடம் சொல்கிறாள். மார்கழிக் குளிரில் வாசலில் நின்று கேட்டவள்தான் அப்படிச் சொல்ல முடியும். அதே மார்கழியில்தான் நாங்கள் கிறிஸ்துமஸ் பஜனைக்குத் தெருத் தெருவாகப் போகிறோம். அதே வலியன் எங்கள் தலைக்கு மேலும் பேசுகிறது. எங்கள் பாட்டுகளில் அதற்கு இடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

எழுத்தில் கிடைக்காததை நான் ஒரு கல்லறையில் பார்த்திருக்கிறேன். இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், தெற்கே டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் 1951-இல் காலமானார். ஏராளமான புஸ்தகங்கள் எழுதியவர். அவற்றில் மலையும் மரமும் வரும்போதெல்லாம் ஆத்துமாவுக்கு ஒரு பாடமும் கூடவே வந்துவிடும் என்பது என் குறை. ஆனால் தன் சமாதியின்மேல் கல் வைக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்தார்கள். ‘அம்மா’ என்ற ஒரு சொல், அவ்வளவுதான். வசனம் கிடையாது.

ராஜபாளையத்திலிருந்து புறப்படுமுன் ஆசிரியர் தம் கோயிலுக்கு அழைத்துப் போனார். முகப்பு வளைவின் கீழ் உழவாரன் கூடுகள், வைக்கோலும் இறகுமாக எச்சிலால் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. கீழே ஏணியும் சுண்ணாம்புச் சட்டியும் தயாராக இருந்தன. ஈஸ்டருக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம், முதலில் கூடுகளைத் தட்டிவிட வேண்டுமாம். வேலைக்காரன் நீளக் கழியோடு நின்றான். ஆசிரியர் அவனிடம் வேதவசனம் எதையும் சொல்லவில்லை. “உள்ளே முட்டை இருக்குப்பா. வளைவை விட்டுட்டு மத்ததை அடி. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு” என்றார்.

அந்தக் கதை இப்போது தொகுதியில் மறுபதிப்பாகிறது. புரூப் என் மேஜைமேல் இருக்கிறது. தகைவிலான் என்ற சொல்லை அடித்துவிட்டேன். உழவாரன் என்று இன்னும் எழுதவில்லை. காலிக் கம்பியையே வைத்து முடிவைத் திருப்பி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.